பெங்களூரில் இரண்டு நாட்கள்

சொந்த ஊரில் இருப்பவருக்கு ஓய்வு நாளென்றால் உற்றார் உறவினர் வீடுகளே போக்கிடம். பிற மாநிலங்களில் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறிய நமக்கோ நண்பர்களே சுற்றம். ஆகவேதான் சனி ஞாயிறுகளில் யாரோடு எங்கே உண்பது, எந்த வழியே நடப்பது, எங்கே அமர்ந்து பொழுது சாயும்வரை பேசுவது என்ற ஆலோசனைகள் நம்மிடையே வியாழக்கிழமையே தொடங்கிவிடுகின்றன.

இந்த ஓய்வு தானாகக் கனிந்து விழுந்த பழமன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது 1890ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். அதற்காகப் பல ஆண்டுகள் போராடியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரம் ஒருநாள் ஓய்வை விதியாக்கிற்று. மத்திய அரசு அலுவலகங்களில் வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற ஏற்பாடு 1985இல்தான் வந்தது. அதன் பின்னரே 'வார இறுதி' என்ற தொடர் நம் காதில் அடிக்கடி விழலாயிற்று. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடரில் ஒரு சிறு சங்கடம் உண்டு. ஞாயிற்றிலிருந்து வாரத்தை எண்ணுவது நம் வழக்கம். அப்படியானால் இரண்டு நாட்களில் ஒன்று வாரத்தின் இறுதி, மற்றொன்று வாரத்தின் தொடக்கம் அல்லவா?

அது நிற்க. நண்பர் நால்வர் கூடி இரண்டு நாட்களைக் கழிப்பதற்கு இந்தியாவில் ஏற்ற நகரம் எது என்று கேட்டால், பெங்களூர் என்று சொல்லத் தயங்க மாட்டோம். (2014 முதல் அரசாங்க ஏடுகளில் அது பெங்களூரு, பேச்சு வழக்கை ஒட்டிப் பழைய பெயரையே இங்கே ஆளுகிறோம்.) இதமான காற்றும் மர நிழலும் மட்டும் அதற்குக் காரணமல்ல. அங்கே நடக்கிறவர் ஒவ்வொரு மைலிலும் ஓர் எல்லைக் கோட்டைக் கடக்கிறார். அந்தக் கோடுகள் எவ்வாறு போடப்பட்டன, எவ்வாறு அழிந்தன என்பதை அறிந்து நடந்தால் நடையின் சுவை வேறு.

பெங்களூர் நெடுங்காலம் இரண்டு நகரங்களாக இருந்தது. ஒன்று, 1537இல் கெம்பெ கவுடர் நிறுவிய பேட்டை. அரிசிக்கு அக்கிப்பேட்டை, வளையலுக்குப் பளேபேட்டை, பருத்திக்கு அரளேபேட்டை என்று தொழிலுக்கொரு தெருவாக அமைந்த வியாபார ஊர் அது. மற்றொன்று, 1809இல் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அல்சூரை ஒட்டி நிறுத்திய கண்டோன்மெண்ட், கன்னடத்தில் 'தண்டு'. அந்தப் படையோடு வந்தவர்களே தமிழர். சிப்பாய்கள், அவர்களுக்குத் தானியமும் துணியும் தந்த வியாபாரிகள், கட்டட வேலைக்காரர்கள், சமையற்காரர்கள், எழுத்தர்கள் எனத் திரள் திரளாக வந்து தண்டின் சந்துகளில் குடியேறினார்கள். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தபின் அந்த வரத்து இன்னும் பெருகிற்று. 1881இல் மைசூர் அரசு மகாராஜாவிடம் திருப்பித் தரப்பட்டபோதும் தண்டு மட்டும் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சியில் நின்றது. 1947இல் அது மைசூரோடு சேர்ந்தது. 1949இல் இரண்டு நகராட்சிகளும் ஒரே கார்ப்பரேஷனாயின.

இரண்டுக்கும் நடுவே கிடப்பது கப்பன் பூங்கா. 1870இல் ரிச்சர்ட் சாங்கி என்ற பொறியாளர் ஏறக்குறைய நூறு ஏக்கரில் அமைத்தது. சனிக்கிழமை நடையை இங்கே தொடங்குவதே முறை. செந்நிறக் கட்டடமாக எதிரே நிற்கும் உயர்நீதிமன்றத்தின் பழைய பெயர் அட்டாரா கச்சேரி. பதினெட்டு அலுவலகங்கள் ஒரே கூரையின் கீழ் இயங்கியதால் வந்த பெயர். பதினெட்டிலும் கோப்பு நகர்ந்த வேகத்தை நினைத்துக்கொண்டு மூங்கில் புதர்களின் நிழலில் அமர்வது அலுவலகவாசிகளாகிய நமக்கு ஒரு தனிச் சுகம்.

பூங்காவிலிருந்து கிழக்கே போனால் மகாத்மா காந்தி சாலை. 1948 வரை அதற்கு சவுத் பரேடு என்று பெயர். அணிவகுப்பு மைதானத்தின் தென்விளிம்பு. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஓய்வுநாள் இந்தச் சாலையைச் சுற்றியே கழிந்தது. அதிகாரிகளுக்கு 1868இல் தொடங்கிய கிளப் இருந்தது. இளம் படையதிகாரியாகப் பெங்களூரில் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்தக் கிளப்புக்கு வைத்துப்போன பதின்மூன்று ரூபாய் பாக்கி இன்னும் அதன் பேரேட்டில் இருக்கிறது. அந்த உல்லாசம் நமக்காக ஏற்பட்டதன்று. தமிழர் அங்கே இருந்தார்கள். ஆனால் மேஜைக்கு முன்னால் அல்ல, பின்னால் தட்டேந்தி நின்றார்கள்.

உணவுக்கு வருவோம். சனிக்கிழமைக் காலைப் பலகாரத்துக்கு லால்பாக் பக்கத்து மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள், நாமும் சொல்கிறோம். யுத்த காலத்தில் அரிசி அருகியபோது ரவையைக் கொண்டு இட்லி வார்த்தது தாங்களே என்பது அவர்கள் உரிமை கொண்டாடும் செய்தி. ஆனால் நண்பர்கள் வரிசையில் காத்து நிற்கும் நேரத்தில் பேசிக்கொள்ள வேண்டிய வரலாறு வேறொன்று உண்டு. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924இல் இதைத் தொடங்கியபோது அதன் பெயர் பிராமண காப்பி கிளப். 1960இல் இப்போதைய இடத்துக்கு வந்தபோதுதான் பெயரும் மாறிற்று. தென்னாட்டுச் சிற்றுண்டிச்சாலைகள் பலவற்றின் கதை இதுவே. யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்விகளோடு பிறந்த இடங்கள், இன்று வந்த வரிசைப்படி யாரையும் யார் எதிரிலும் உட்கார வைக்கின்றன. நாலு நண்பர்கள் நாலு சாதிக்காரராக இருந்தால், அவர்கள் ஒரே மேஜையில் ரவா இட்லியைப் பிட்டுக்கொள்வது அவர்களுடைய பாட்டனார் காலத்தில் எளிதில் நடந்திராத காரியம்.

வயிறு நிரம்பியபின் லால்பாக்கில் உலவுவது தவிர வேறு மார்க்கம் இல்லை. ஹைதர் அலி 1760இல் தொடங்கிய தோட்டம் அது. பாறைமேல் ஏறி நின்றால் ஊர் விரிந்து தெரியும். அந்தப் பாறைக்கு வயது சுமார் முந்நூறு கோடி ஆண்டு என்கிறார்கள் நிலவியலார். கண்ணாடி மாளிகையைப் பற்றி எல்லாக் கையேடுகளும் சொல்லும், விட்டுவிடுவோம்.

மாலையில் காப்பி. காப்பி வாரியம் நடத்திவந்த காப்பி ஹவுசுகளை 1950களில் மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த பணியாளர்கள் சோர்ந்துவிடவில்லை. ஏ. கே. கோபாலனின் ஊக்குவிப்பால் 1957 ஆகஸ்டில் பெங்களூரிலேயே கூட்டுறவுச் சங்கம் கண்டு, தாமே முதலாளிகளாயினர். அதே ஆண்டு அக்டோபரில் டில்லியிலும் அத்தகைய காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசலாம்; எழுந்திரு என்று எவரும் சொல்வதில்லை. மகாத்மா காந்தி சாலையில் இருந்த கடை 2009இல் சர்ச் தெருவுக்குப் பெயர்ந்தது.

அந்தச் சுற்றுவட்டாரத்திலேதான் மதுவிடுதிகளும் வளர்ந்தன. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மேற்கொள்ளச் சொல்வதாகவும் நேயர்கள் கருத வேண்டாம். பட்டாளத்தின் தாகத்தை நம்பித் தென்னாட்டில் எழுந்த ஐந்து பீர் ஆலைகளை ஒன்றாக்கி, தாமஸ் லீஷ்மன் என்பவர் 1915இல் யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை அமைத்தார். விட்டல் மல்லையா 1947இல் அதன் முதல் இந்திய டைரக்டரானார். 1980களில் பிரிகேட் சாலை, ரெசிடென்ஸி சாலைப் பக்கங்களில் 'பப்' என்னும் சிறு விடுதிகள் முளைத்தன. சாராயக் கடையின் இருட்டும் வெட்கமும் இல்லாமல், வெளிச்சத்தில், பாட்டைக் கேட்டபடி, ஆணும் பெண்ணும் ஒரு குவளையோடு அமர்ந்து பேசும் இடங்கள். பொறியியல் கல்லூரி மாணவரும் பொதுத்துறைத் தொழிற்சாலை இளைஞரும் அங்கே கூடினர். பின்னர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்தனர். 2014இல் வெள்ளி, சனி இரவுகளுக்கு மட்டும் மூடும் நேரம் ஒரு மணியாக நீட்டப்பட்டபோது, வாரக் கடைசி என்பது கலால் விதியிலும் இடம்பெற்றுவிட்டது!

இதற்கு மறுபக்கமும் உண்டு. கூலியாளின் சாராயத்தைக் கர்நாடக அரசு 2007 ஜூலையில் தடை செய்தது. சம்பளக்காரரின் விடுதிகளோ பெருகிக்கொண்டே போயின. இது நியாயமா என்று நண்பர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். 2009 ஜனவரியில் மங்களூர் விடுதி ஒன்றில் அமர்ந்திருந்த பெண்களை ஒரு கும்பல் தாக்கியதையும் மறப்பதற்கில்லை. யார் எங்கே அமரலாம் என்ற பழைய கேள்வி காப்பி கிளப்போடு தீர்ந்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையைப் பசவனகுடிக்கு ஒதுக்குவது நலம். 1898இல் பேட்டையைப் பிளேக் நோய் உலுக்கிய காலத்தில், அகன்ற தெருக்களோடு வளர்ந்த குடியிருப்பு அது. அங்கே காந்தி பஜாரில் 1943 முதல் நடந்துவரும் வித்யார்த்தி பவனின் தோசையைப் பற்றி வருணிக்க நம்மிடம் சொல் இல்லை. அதன்பின் பேட்டைத் தெருக்களில் நடக்கலாம். சித்திரைப் பௌர்ணமி இரவாக வாய்த்தால் கரகம் காணக் கிடைக்கும். தமிழ் வேர்கொண்ட திகளர் சமூகத்தார் தர்மராயர் கோயிலிலிருந்து எடுத்துவரும் பூங்கரகம், போகிற வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது.

மாலையில் அல்சூர் ஏரிக் கரைக்கு வந்து சேரவேண்டும். அங்கே ஒரு திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991இல் நிறுவப்பட்டும் திறக்கப்படாமல் மூடியே கிடந்த சிலை. அந்த ஆண்டு டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த கலவரத்தில் பெங்களூர்த் தமிழர் அஞ்சி வாழ்ந்தனர். பலர் வீடுகளை விட்டு ஓடினர். நூற்றெண்பது ஆண்டுகளாகக் குடியிருந்தவரும் நேற்று வந்தவராயினர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று, இரு மாநில முதலமைச்சர்களும் கூடியிருக்க அந்தச் சிலை திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன.

ஆகவே நால்வரில் ஒருவராவது கன்னடம் பேசுகிறவராக இருக்கட்டும் என்பது நம் யோசனை. கடையில் அவரே கேட்டு வாங்கட்டும். மற்றவர் 'ஊட்டா ஆய்தா' என்ற அளவேனும் கற்றுக்கொள்ளட்டும். நம்மூர்ச் 'சாப்பிட்டாச்சா'தான் அது. பதிலை எதிர்பாராமல் கேட்கப்படும் அதே அன்புக் கேள்வி. இருட்டியபின் அல்சூரிலேயே மெட்ரோ ரயில் ஏறலாம். 2016 முதல் அந்த ரயில் தண்டிலிருந்து பூங்காப் பக்கமாகத் தரைக்கடியில் பேட்டைவரை போகிறது. சிறிது நேரத்தில் மெஜஸ்டிக் வந்துவிடும். இரவு வண்டியைப் பிடித்தால் திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய்ச் சேரலாம்.