பஞ்சாங்கத் தாளில் மிளகு: டச்சு அசைவற்ற பொருள் ஓவியமும் உள்ளுறை வாசிப்பும்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சூழ்ந்துள்ள காப்பித் தோட்டங்களில், நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைக் காணலாம். மிளகைச் சங்க இலக்கியம் ‘கறி’ என வழங்குகின்றது. கறி வளரும் மலைச்சாரல் குறிஞ்சிப் பாடல்களுக்குப் பழகிய காட்சியாகும். நிலத்தின் கருப்பொருளைக் கொண்டு சொல்லாத பொருளை உணர்த்தும் உள்ளுறை மரபில் பயின்ற வாசகர், அதே மிளகை ஓர் ஐரோப்பிய எண்ணெய்வண்ண ஓவியத்தில் காணும்போது எவ்வாறு வாசிப்பர் என்பது ஆராயத்தக்கது.

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பீட்டர் கிளாஸ் 1627-இல் வரைந்த விருந்து மேசை ஓவியம் உள்ளது. வான்கோழியின் உருவால் அணிசெய்யப்பட்ட இறைச்சி அப்பம், நாட்டிலஸ் சங்காலான கிண்ணம், சீனப் பீங்கான் தட்டில் பழங்கள், தோல் உரித்த எலுமிச்சை, சிப்பிகள், ரொட்டி ஆகியவற்றிடையே, அச்சிட்ட பஞ்சாங்கத் தாளொன்றைச் சுருட்டிய பொட்டலத்தில் மிளகு வைக்கப்பட்டுள்ளது. (பழந்தாளில் பொட்டலம் மடிக்கும் மளிகைக்கடையை அறிந்தவருக்கு இது வியப்பளிக்காது.)

இத்தகைய ஓவியங்களை நீதிக் குறியீடுகளாக வாசிப்பது நெடுநாளைய வழக்கம். கிழிந்த பஞ்சாங்கத் தாள் காலத்தின் கழிவு. எலுமிச்சை புறத்தே அழகும் அகத்தே புளிப்பும் உடைய உலகின்பம். சிப்பி காமம் என்பர். எடி டி யோங் 1976-இல் ரைக்ஸ் அருங்காட்சியகக் கண்காட்சியின்வழி இவ்வகை வாசிப்பை வலுப்படுத்தினார். டச்சு ஓவியம் கண்ணால் காண்பதை விவரிக்கும் கலையே என 1983-இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் மறுத்தார். மேசைப் பொருள்களை வணிக வரலாற்றோடு இணைத்து ஜூலி ஹாக்ஸ்ட்ராசர் 2007-இல் எழுதிய நூல் இவ்விரண்டினின்றும் வேறுபடுகின்றது. உள்ளுறைக் கோட்பாட்டுக்கு அணுக்கமானதும் அதுவே.

தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களையே உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கொள்கின்றது தொல்காப்பியம். அங்குப் பொருள் அகராதிபோல் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டதன்று. அப்பொருள் அந்நிலத்தில் எவ்வாறு இயங்குகின்றது என்பதிலிருந்து பிறப்பது. எனவே மிளகு எதைக் குறிக்கின்றது என்பதற்குமுன், அது எவ்வழி அம்மேசைக்கு வந்தது என்பதை வினவ வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மிளகைக் கண்டவுடன் அதனை மலபார் மிளகு எனத் துணிவது பிழை. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் கொச்சியைக் கைப்பற்றியது 1663-இல்தான். 1620-களில் அதன் மிளகுக் கொள்முதல் பெரும்பாலும் சுமத்ரா, ஜாவா துறைமுகங்களைச் சார்ந்திருந்தது. ஆயின் தமிழ்நிலம் இதற்குப் புறத்ததும் அன்று. அத்துறைமுகங்களில் வெள்ளியைப் போலவே விரும்பி ஏற்கப்பட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. 1613-இல் பழவேற்காட்டில் எழுந்த கெல்டிரியா கோட்டை அத்துணிக் கொள்முதலின் மையமாயிற்று.

ஏற்காட்டு மிளகுக்கொடியையும் தூய குறிஞ்சிக் கருப்பொருளாக இன்று கொள்ளவியலாது. அது பற்றிப் படரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். கீழே வளரும் காப்பி, 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் புகுத்திய பயிர். மலைத்தோட்டமானாலும் மேசையானாலும் பொருள்கள் தத்தம் வரலாற்றோடே அடுத்தடுத்து அமர்கின்றன.

கிளாஸின் மேசைமேல் விரிக்கப்பட்டிருப்பது வெண்ணிற லினன் துணி. மிளகுக்கு விலையாகக் கடல் கடந்த பருத்தித் துணி அவ்வோவியத்தில் எங்கும் இல்லை.