காரைச் சுமக்கும் கார்



கார் என்பது தானே ஓடும் வண்டி. தானே ஓடக்கூடிய ஒன்றை இன்னொரு வண்டியின் மேல் ஏற்றி, அதற்குக் கூலியும் கொடுத்து அனுப்புவது ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் இது பெரிய தொழில். அங்கே வார நாட்களில் ஓரிடத்தில் சம்பளத்திற்கு வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தம் பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு, பிறருடைய கார்களை ஊர் விட்டு ஊர் சேர்த்துச் சம்பாதிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தச் சிறு மனிதருக்கு நெடுஞ்சாலையில் இடம் கிடைத்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அமெரிக்கக் கார்த் தொழில் தொடங்கியபோதே இந்தத் தேவையும் தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தில் பிறந்து ஓஹாயோ மாநிலத்தின் கிளீவ்லந்து நகரில் சைக்கிள் செய்துவந்த அலெக்சாண்டர் விண்டன் 1897-இல் மோட்டார் வண்டி நிறுவனம் ஆரம்பித்தார். 1898-இல் முதல் காரை விற்றார். வாங்கியவரோ பென்சில்வேனியா மாநிலத்துக்காரர். காரை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால், வாங்கியவர் கைக்கு வருமுன்பே அது பழைய காராகிவிடும். அக்காலத்துச் சாலைகள் அப்படி. ஆகவே விண்டன் தம் கார் ஒன்றைக் குட்டையாக மாற்றியமைத்து, அதன் பின்பகுதியில் ஒரு தட்டு வண்டியின் முன்முனையைப் பொருத்தினார். அதன் மேல் ஒரே ஒரு கார் ஏறும். காரைச் சுமந்த முதல் மோட்டார் வண்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு மாடு தன் முதுகில் சுமப்பதைவிட வண்டியில் இழுப்பது பல மடங்கு என்பதை நம் முன்னோர் அறிவார்கள். மோட்டாருக்கும் அதே கணக்குத்தான். 1914-இல் டெட்ராய்ட் நகரில் ஒரு மரவியாபாரி தம் படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வழி கேட்டு, ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்ற கொல்லரிடம் வந்தார். கொல்லர் ஒரு ஃபோர்டு காரின் பின்னால் பூட்டும்படி இழுவை வண்டி செய்துகொடுத்தார். அது நன்றாக உழைக்கவே, மரம் ஏற்றவும் அதே போன்ற வண்டிகள் வேண்டும் என்றார் வியாபாரி. டிரெய்லர் தொழில் வளர்ந்தது இப்படித்தான். 1925-இல் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரில் பின்பக்கம் சரக்குப் பெட்டி வைத்து, 281 டாலர் விலையில் தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக விற்கத் தொடங்கியது. விவசாயியும் தச்சரும் வாங்கக்கூடிய விலை அது.

அடுத்து வந்தது 1930-களின் பொருளாதார மந்தம். இந்தக் கதையில் என் மனத்தைத் தொட்ட பகுதி இதுதான். நாட்டின் நடுப்பகுதியிலும் கிழக்கிலும் பழைய கார்கள் மலிவு. மேற்கே கலிபோர்னியாவில் அவற்றுக்கு நல்ல விலை. இரண்டுக்கும் இடையே பாலைவனமும் மலையும். வியாபாரிகள் என்ன செய்தார்கள்? ஒரு காரின் பின்னால் இன்னொரு காரை இழுகம்பியால் பிணைத்து, இரண்டுக்கும் ஓர் ஓட்டுநரைப் போட்டு, அப்படிப் பல சோடிகளை வரிசையாக அனுப்பினார்கள். ஒட்டகக் கூட்டம் போன்ற இந்த அணிவகுப்புக்குக் 'காரவான்' என்று பெயர். லோரியும் வேண்டாம், டிரெய்லரும் வேண்டாம். ஓட்டியவர்களில் பலர் அவ்வப்போது கிடைத்த ஆட்கள். கலிபோர்னியா போய்ச் சேர்ந்தால் போதும், கூலி வேண்டாம் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர்களும் அவர்களில் உண்டு. வேலை தேடிப் போகிறவருக்கு அது இலவசப் பயணம் அல்லவா?

கலிபோர்னியா அரசுக்கு இது தலைவலியாயிற்று. பிணைத்த கார்கள் வளைவுகளில் ஆடின, சாலையை அடைத்தன. விற்பனைக்காக இப்படி வரும் ஒவ்வொரு காருக்கும் 15 டாலர் கட்டணம் என்று 1935-இல் சட்டம் செய்தார்கள். சாலைக் காவலுக்கு ஆகும் செலவுக்காகவே இந்தப் பணம் என்றது சட்டம். வியாபாரிகள் வழக்காடினார்கள். செலவைவிடக் கட்டணம் மிகை என்று 1937-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. மாநிலம் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டில் புதுச் சட்டம் இயற்றி, காவலுக்கு ஏழரை டாலர், சாலைத் தேய்மானத்துக்கு ஏழரை டாலர் என்று பிரித்து விதித்தது. கூட்டிப் பார்த்தால் அதே 15 டாலர்தான்! ஆனால் 1939-இல் இதை நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே வாஷிங்டனில் இன்னும் பெரிய கதவு ஒன்று மூடப்பட்டது. 1935 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட மோட்டார் வண்டிச் சட்டம், மாநிலம் கடந்து கூலிக்குச் சரக்கு ஏற்றுவோரை, முன்பு ரயில்வேக்களை மேற்பார்த்து வந்த வாணிப ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. அவ்வாண்டு சூன் முதல் நாளில் தொழிலில் இருந்தவருக்கு உரிமம் எளிதில் கிடைத்தது. பிறகு வந்தவரோ, தம் வண்டி பொதுமக்களுக்குத் தேவை என்பதை நிரூபிக்க வேண்டும். ஏற்கனவே இருப்பவர்கள் எதிர்த்து வாதாடலாம். வழக்கறிஞர் வைக்க முடியாத ஒற்றை வண்டிக்காரர் என்ன செய்வார்? உரிமம் என்ற காகிதமே விலைபோகும் சொத்தாகி, பெரிய தொகைக்குக் கைமாறியது. எப்போதாவது ஒருமுறை சரக்கு ஏற்றுகிறவருக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தது. ஆனால் அதையே தொழிலாகச் செய்ய விரும்பினால் விலக்கு போய்விடும். நம் மலேசியாவிலும் கூலிக்கு ஏற்றும் லோரிக்கு ஒரு வகை உரிமமும், சொந்தச் சரக்கு ஏற்றும் லோரிக்கு வேறு வகை உரிமமும் உண்டென்பதை லோரி வைத்திருக்கும் நேயர்கள் அறிவீர்கள்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. 1980 சூலை முதல் நாளில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட புதிய சட்டம் வாதத்தைத் திருப்பிப் போட்டது. இனி எதிர்ப்பவர்தான் புதியவர் தேவையில்லை என்று நிரூபிக்க வேண்டும். சுமார் 18,000 ஆக இருந்த உரிமம் பெற்ற நிறுவனங்கள் 1990-க்குள் 40,000-ஐத் தாண்டின. உரிமக் காகிதங்களின் விலை சரிந்தது. முழு நட்டமும் பழைய கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தில் விழுந்தது. ஓட்டுநர்களின் சங்கங்களும் நலிந்தன. போட்டியால் கூலி குறைந்தது என்ற குறையும் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒற்றைப் பிக்கப்புக்காரர் உள்ளே வந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

அவருக்கு வேலை எங்கிருந்து வருகிறது? புதிய கார்களை மூன்றடுக்கு ரயில் பெட்டிகளும், எட்டு ஒன்பது கார் ஏற்றும் பெரிய லோரிகளும் கொண்டுபோய்விடும. ஏலத்தில் எடுத்த ஒரு பழைய காரும், ஓடாமல் நிற்கும் ஒரு காரும், மகள் படிக்கும் ஊருக்குப் போகவேண்டிய ஒரு காரும் அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. அவையே நம்மவரின் சரக்கு.

ஆனால் கணக்குப் போடத் தெரிய வேண்டும். 7,000 பவுண்டு, அதாவது சுமார் 3,175 கிலோ தாங்கும் டிரெய்லர் தானே 2,000 பவுண்டு இருக்கும். மிச்சம் 5,000-க்குள்தான் கார். காரின் எடை சற்று முன்பக்கம் சாய்ந்து, மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது பிக்கப்பின் கொக்கியில் அழுத்த வேண்டும். பின்பக்கம் சாய்ந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு போல நெளியும். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 10,001 பவுண்டை எட்டி, மாநில எல்லையும் தாண்டினால், அரசுப் பதிவும் 7,50,000 டாலர் பொறுப்புக் காப்புறுதியும் வேண்டும். டிரெய்லரின் அனுமதி எடை 10,000 பவுண்டுக்கு மேலாகி, மொத்தமும் 26,001 பவுண்டை எட்டினால் வணிக ஓட்டுநர் உரிமமும் வேண்டும். மூன்று கார் ஏற்றும் ஆசை பலருக்கு இந்த எல்லையில்தான் முட்டுகிறது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓட்டுகிறவருக்கும் காப்புறுதித் தவணை ஆண்டு முழுவதும் உண்டு. ஆகவே முதல் சில பயணங்களின் கூலி காப்புறுதிக்கே போய்விடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிக்கல் உண்டு. காரை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு வீடு திரும்பும் மைல்களுக்குக் கூலி கிடையாது. எண்ணெய்ச் செலவு மட்டும் உண்டு. அதனால் போகும்போதே, திரும்பி வரும் வழியில் யாருடைய கார் காத்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் அவர் வெள்ளிக்கிழமை மாலை கொக்கியைப் பூட்டுகிறார்.