புல் முடிச்சும் ஜி.பி.எஸ்ஸும்

ஹெப்பகோடியில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றால் ஓசூர் ரோடு தெரியும். முன்பு என்.எச். 7 என்று பெயர். 2010-ல் நம்பர் மாற்றினார்கள், இப்போது 44. வடக்கே போனால் ஸ்ரீநகர், தெற்கே போனால் கன்னியாகுமரி. இதில் எனக்கு ஒரு சொந்த விஷயமும் இருக்கிறது. எங்கள் ஊர் கோவில்பட்டியும் இதே ரோட்டில்தான் இருக்கிறது. அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சாத்தூர் என்று ரோட்டை விட்டு இறங்காமல் போனால் ஊர் வந்துவிடும். ஐநூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரே ரோடு.

ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிளம்பும்போது செல்போனை டேஷ்போர்டில் மாட்டி, ஊர் பெயரைப் போட்டு, அந்த அம்மா குரல் பேச ஆரம்பித்த பிறகுதான் வண்டியை எடுப்பேன். பதினெட்டு வருடமாகப் போய் வரும் ரோடு! இது எவ்வளவு பெரிய கூத்து என்று எனக்கே போன மாதம்தான் உறைத்தது.

மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். 'எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்த கதை.' அவள் நேரே ஏ.ஐ.யிடம் கேட்டுவிட்டாள். தாத்தா 1982-ல் கோவில்பட்டியிலிருந்து முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தார் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். மீதியை அது எழுதிக் கொடுத்துவிட்டது. நல்ல நடை, ஒரு எழுத்துப் பிழை இல்லை. தாத்தா கனவுகளோடு ரயிலேறினாராம், ஜன்னல் வழியே மலைகளைப் பார்த்தாராம், ஹெப்பகோடி ரயில் நிலையத்தில் இறங்கினாராம்.

ஹெப்பகோடியில் ஏது ரயில் நிலையம்? மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் மஞ்சள் தடம், திறந்தது 2025 ஆகஸ்ட் 10-ல். அப்பா 43 வருடம் முன்னாலேயே அதில் வந்து இறங்கிவிட்டார் போலிருக்கிறது :-)

சிரித்துவிட்டு அப்பாவுக்கு போனைப் போட்டேன். ஸ்பீக்கரில் பேத்தி கேட்டாள்.

"ரயிலா? இல்ல தாயி. தீப்பெட்டி லோடு ஏத்துன லாரியில வந்தேன். நான் அப்பம் கிளீனர். நாகப்பூருக்குப் போற வண்டி. உங்க ஊரு வழியாத்தான் போனோம், ஆனா நிக்கல. நிக்கிறதுக்கு அங்க என்ன இருந்துச்சு?"

அப்புறம் முக்கால் மணி நேரம் பேசினார். தொப்பூர் கணவாயில் லோடு வண்டி எப்படி ஏற வேண்டும், நாக்பூர் ஆரஞ்சோடு திரும்பி அதே கணவாயில் இறங்கும்போது ஏன் கியரை மாற்றக் கூடாது, கர்நூல் தாண்டி ராத்திரியில் எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது... அப்பா லாரி ஓட்டினார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதில் பாதி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தடவை கூட நான் அவரிடம் வழி கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. அதனால் அவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வழி கேட்பது என்ற ஒரு பழக்கத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு ஆற்றுப்படைதான். பரிசு வாங்கித் திரும்பும் ஒரு கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனைப் பார்த்து 'இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார்' என்று சொல்வது. அதில் மலைபடுகடாம் எனக்குப் பிடித்தது. பெருங்கௌசிகனார் பாடியது. நன்னனின் செங்கண்மா ஊருக்குப் போகும் வழியைச் சொல்வது. இன்றைய செங்கம்தான் அது என்பார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தப் பாட்டில் வழியில் உள்ள ஆபத்துகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், புற்றருகே பாம்பு இருக்கும், தினைக்காவல்காரர்களின் கவண்கல் பறந்து வரும், பாசி பிடித்த பாறை வழுக்கும். எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதும் உண்டு. இதையெல்லாம் விட என்னை அசத்தியது ஒரு சின்ன யோசனை. வழி பிரியும் இடத்தில், பின்னால் வரும் புது ஆட்கள் குழம்பாமலிருக்க, சரியான வழியைத் துடைத்துவிட்டுப் புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார் புலவர். அதாவது வழி கேட்டுப் போகிறவனுக்கு ஒரு கடமையும் இருக்கிறது. நீயும் அடுத்தவனுக்குச் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்காரர்கள் 'ஓவர்லேண்டிங்' என்று சொல்வதிலும் இதே சங்கதி இருந்தது. அந்தச் சொல் ஆஸ்திரேலியாவில் மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் தரைவழியாக ஓட்டிப் போனவர்களிடமிருந்து வந்தது. பிறகு வண்டி, சாப்பாடு, தண்ணீர், ரிப்பேர் சாமான் எல்லாவற்றையும் கூடவே எடுத்துக்கொண்டு நாடு விட்டு நாடு தரைவழியே போவதற்குப் பெயரானது. 1955-56-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவரில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை போனார்கள். 1957 ஏப்ரல் 15-ல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 'இந்தியாமேன்' என்று ஒரு பஸ்ஸே கிளம்பியது! பயணிகள் இருபது பேர், ஒரு வழிக் கட்டணம் 85 பவுண்டு. ஜூன் 5-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தது.

அதற்கப்புறம் ஹிப்பிகள் காலம். இஸ்தான்புல்லில் 'புட்டிங் ஷாப்' என்று ஒரு சாப்பாட்டுக் கடை, அதன் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை. காபூலுக்கு வண்டியில் இடம் இருக்கிறது, யார் வருகிறீர்கள் என்பது மாதிரி சேதிகளைப் போகிறவர்களும் வருகிறவர்களும் அதில் எழுதிக் குத்திவிட்டுப் போவார்கள். யோசித்துப் பாருங்கள், அதுவும் புல் முடிச்சுதானே? 1972-ல் லண்டனிலிருந்து ஒரு பழைய மினி காரில் கிளம்பிய டோனி வீலர், மௌரீன் வீலர் தம்பதி, ஆப்கானிஸ்தானில் காரை விற்றுவிட்டு, சிட்னி போய்ச் சேர்ந்தபோது கையில் 27 சென்ட்தான் மிச்சம். எப்படிப் போனீர்கள் என்று எல்லோரும் கேட்கவே, 1973-ல் அவர்களே தாளை மடித்து ஸ்டேப்ளர் அடித்து ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். 'லோன்லி பிளானட்' அப்படித்தான் பிறந்தது.

அந்த வழி மூடியதற்கு எந்த மெஷினும் காரணமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1979-ல் ஈரானில் புரட்சி, அதே வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. நடு வழி அடைந்துபோனது. விமானக் கட்டணம் குறைய ஆரம்பித்ததும் ஒரு காரணம். அதனால் 'எல்லாம் இந்த செல்போனால் வந்தது' என்று பழியைத் தூக்கிப் போட்டால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. இன்றைக்கும் லடாக்குக்கு பைக்கில் போகிறவர்கள் எத்தனையோ பேர். வண்டிகள் குறையவில்லை. நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, 'அண்ணே, இந்த ரோடு எங்க போகுது?' என்று கேட்பதுதான் குறைந்துவிட்டது.

பெங்களூருக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை இரும்புச் சங்கிலி வைத்து அளக்க ஆரம்பித்தார். இந்தியாவையே அளந்த பெரிய முக்கோண நில அளவையின் ஆரம்பம் அது. ஒரு கோட்டை மட்டும் தரையில் அளந்தால் போதும், மீதியெல்லாம் கோணம் பார்த்துக் கணக்குப் போட்டே தூரத்தைக் கண்டுபிடிக்கலாம். அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வைத்துக்கொண்டு பெங்களூர் வரைக்கும் வந்தார்கள். கணக்கு முடிந்தது, பேசாமல் மேலே போயிருக்கலாம். போகவில்லை. 1804-ல் பெங்களூர் பக்கத்தில் லெப்டினன்ட் வாரன் மறுபடியும் தரையில் இறங்கி, சங்கிலி போட்டு ஒரு கோட்டை அளந்தார். காகிதத்தில் வந்த நீளமும் தரையில் அளந்த நீளமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. சுமார் ஏழு மைலில் வித்தியாசம் நாலு அங்குலத்துக்கும் குறைவு.

கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது. இருந்தும் அளந்து பார்த்தார்கள். இந்த ஊரில் உட்கார்ந்து சாப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு இதுதான் சுருக்கென்று தைத்தது. ஏ.ஐ. எழுதிக் கொடுக்கும் கோடை நான் எத்தனை தடவை வரி வரியாகப் படித்துப் பார்க்கிறேன்? ஆரம்பத்தில் பார்த்தேன். பத்துத் தடவை சரியாக இருந்தது, பதினோராவது தடவை பார்க்கவில்லை.

பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் செய்தித்தாள்களே சாட்சி. 2024 ஜனவரியில் கூடலூரிலிருந்து கர்நாடகா திரும்பிக்கொண்டிருந்த நண்பர்கள், வழிகாட்டி காட்டிய குறுக்கு வழியில் போய் காரைப் படிக்கட்டில் இறக்கிவிட்டார்கள். அது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அதே வருடம் நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி பக்கத்தில் நடந்தது அப்படியல்ல. வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போன பாலத்தில் ஜி.பி.எஸ்ஸை நம்பி ஏறிய கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். பாலம் இல்லை என்பது அந்த ஊரில் மாடு மேய்க்கும் பையனுக்கும் தெரிந்திருக்கும். 2025-ல் பெரு நாட்டில் இரண்டு சுற்றுலாப் பயணிகள், ஏ.ஐ. சொன்ன ஒரு மலைப் பள்ளத்தாக்கைத் தேடிப் போகக் கிளம்பினார்கள். அப்படி ஓர் இடமே உலகத்தில் இல்லை. அங்கிருந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவர் காதில் விழுந்ததால் தப்பித்தார்கள்.

மூளைக்கும் இதில் பங்கு இருக்கிறது. லண்டன் டாக்சி டிரைவர்கள் ஊருக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வேண்டும். அவர்கள் மூளையில் இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ல் எலினார் மக்வயர் குழு காட்டியது. 2020-ல் கனடாவில் தஹ்மானி, போபோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு மறுபக்கத்தைக் காட்டினார்கள். ஜி.பி.எஸ்ஸை அதிகம் நம்பியவர்களுக்கு, அது இல்லாமல் வழி கண்டுபிடிக்கும்போது இட நினைவு மோசமாக இருந்தது. உடம்பு மாதிரிதான், வேலை கொடுக்காத இடம் தளர்ந்துபோகிறது.

எனக்கு வழி மட்டும் போகவில்லை. இன்னொன்றும் போனது. அப்பாவுக்குக் கன்னடம், தெலுங்கு, இந்தி மூன்றும் வரும். எழுதப் படிக்கத் தெரியாது. வழி கேட்டுக் கேட்டே வந்த பாஷை. 'கன்னடத்துலயும் தெலுங்குலயும் தாரி, இந்தியில ராஸ்தா. இந்த ரெண்டு வார்த்தைய வச்சு நாகப்பூர் வரைக்கும் போயிரலாம்யா' என்பார். நான் இந்த ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். கீழ் வீட்டுப் பாட்டியிடம் 'ஊட்டா ஆய்த்தா?' தாண்டிப் பேசத் தெரியாது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லையே!

இப்படியெல்லாம் மனசுக்குள் பெரிய ஆவேசம் வந்து, மறுநாள் அப்பாவுக்கு போன் செய்து, "இனிமே மேப் போட மாட்டேன்பா" என்றேன்.

"ஏய்யா, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார். "அந்தக் காலத்துல எனக்கு இது இருந்திருந்தா எத்தனை ராத்திரி மிச்சமாயிருக்கும். ஒருக்கா தப்பா கை காட்டிவிட்டான்னு அறுபது மைலு சுத்தியிருக்கேன். மனுசன் மட்டும் எல்லாம் சரியாவா சொல்லுவான்? போனை வச்சுக்கோ. ஆனா ரோட்டையும் பாரு, நாலு பேர்ட்ட கேட்டும் பாரு."

வாரன் சங்கிலி போட்டு அளந்ததும் இதைத்தானே சொல்கிறது? எனக்கு அதற்கு ஒரு நாள் முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்.

புராஜெக்டில் ரயில் நிலையத்தை அடித்துவிட்டு லாரியைப் போட்டாயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பேத்தி ஒரு நோட்டோடு உட்காருகிறாள், தாத்தா போனில் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கோவில்பட்டியில் ஆரம்பித்து இதுவரை சேலம் வந்திருக்கிறார்கள். நடுவில் 'அந்த டீக்கடை இப்ப இருக்குமா தாத்தா?' என்று அவள் கேட்பாள். 'ரோடு நாலு வழி ஆனப்பவே போயிருக்கும் தாயி, ஆனாலும் எழுதிக்கோ' என்பார் அவர். நாக்பூர் வரைக்கும் போக எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகும் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு இந்தத் தையோடு அறுபத்தாறு முடிகிறது.

அடுத்த ஞாயிறு தொப்பூர்.