கறுப்புத் துணியில் எங்கள் இடம்

சென்ற மாத ஞாயிறு நிகழ்ச்சியில் நான் பேசிய உரையை எழுத்தில் தரும்படி நிலையத்தார் கேட்டிருந்தார்கள். வானொலியில் பத்து நிமிடம்தான் கிடைத்தது. அவசரத்தில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பேத்திக்கு ஆறு வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தவள், சப்பாத்தைக் கழற்ற முதலே கேட்டாள்: "அம்மம்மா, நாங்கள் குரங்கிலையிருந்தோ வந்தனாங்கள்?" வகுப்பில் யாரோ ஒரு பெடியன் சொல்லியிருக்கிறான். ஊரில் இருபது வருடம் பாலர் வகுப்பு நடத்தியவள் நான். ஆனாலும் அன்று என் வாயில் வந்தது, "போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா" என்பதுதான். எங்களோடு இருக்கும் சம்பந்தியம்மா, "கடவுள்தான் படைச்சவர் எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். மருமகனோ, "அதைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்" என்று கைத்தொலைபேசிக்குள் போய்விட்டார். பிள்ளை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் சனத்தின் பழைய பழக்கம். எண்பதுகளில் பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட் டி நேஜிலும் ஒரே அறையில் நாலு பேராய் இருந்த காலத்தில், பிள்ளைகளை 1977 ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சுப் பாடசாலையில் சேர்த்துவிட்டு வேலைக்கு ஓடினோம். அவர்கள் என்ன படித்தார்கள் என்று கேட்க எங்களுக்குப் பிரெஞ்சும் இல்லை, நேரமும் இல்லை. பேரப்பிள்ளைகள் விடயத்தில் அந்தச் சாட்டு எடுபடாது.

எங்கள் ஊர்ப்பக்கம் பாலர் வகுப்புக்கு "மொண்டசூரி" என்றுதான் பெயர். பல இடங்களில் பெயர் மட்டுந்தான் இருந்தது. உள்ளே சிலேற்றும் தடியும். அந்தப் பெயருக்குரிய மரியா மொண்டசோரி அம்மையாருக்கும் எங்கள் பக்கத்து மண்ணுக்கும் உள்ள தொடர்பு மொன்றியலில் பலருக்குத் தெரியாது.

1870 இல் இத்தாலியில் பிறந்தவர், வைத்தியப் படிப்புப் படித்தவர். 1907 தை மாதம் ரோமாபுரியின் ஏழைப் பகுதியான சான் லொரன்சோவில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளை காதால் கேட்டுப் படிப்பதைவிடக் கையால் தொட்டுப் படிக்கிறது என்பது அவருடைய அடிப்படை. முசோலினியோடு ஒத்துப்போக முடியாமல் 1934 அளவில் இத்தாலியை விட்டார். 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூள, பார்சலோனாவையும் விட்டு ஓடினார். அறுபத்தாறை நெருங்கும் வயதில் அவரும் இடம்பெயர்ந்த ஒருவர்தான்.

1939 இல் அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்து இறங்கினார். சில மாதம் பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாக யோசனை. 1940 ஆனியில் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. பிரித்தானிய அரசுக்கு அவர்கள் இருவரும் எதிரி நாட்டவராகிவிட்டார்கள். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். தாயைச் சபை வளவுக்குள் இருக்கச் சொன்னார்கள். அதுவரை வெளியுலகுக்கு மரியோ அவருடைய மருமகன் என்றே சொல்லப்பட்டு வந்தார். திருமணமாகாமல் பெற்ற பிள்ளை. 1940 ஆவணி 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராய், அவருக்குத் தரக்கூடிய பரிசு மகனின் விடுதலைதான் என்று செய்தி அனுப்பி மரியோவை விட்டார். தடுப்பு முகாம் வாசலில் காத்திருந்த தாய்மார் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

யுத்தம் முடியும்வரை ஊருக்குத் திரும்ப வழியில்லை. 1942 முதல் கொடைக்கானல் மலையில் தங்கினார்கள். அங்கே அவர்களோடு சேர்ந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் எங்கள் நாட்டுப் பெண்மணி, லேனா விக்கிரமரத்ன. 1944 இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். கொடைக்கானலில்தான் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கான பிரபஞ்சக் கல்வி என்ற பாடமுறை உருவம் பெற்றது. உலகம் உண்டான கதை, உயிர் வந்த கதை, மனிதன் வந்த கதை என்று கதையாய்ச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கையில் பிடிக்க ஒரு பொருள் கொடுப்பது. பின்னர் 1948 இல் அடையாறு கலாக்ஷேத்திரா வெளியிட்ட அவருடைய நூல் ஒன்று இதையே விரித்துச் சொல்கிறது.

அந்தப் பொருட்களில் ஒன்று நீளமான கறுப்புத் துணி. முழுத்துணியும் பூமியின் வயது. நுனியில் ஒரு மெல்லிய கோடு மட்டும் மனிதன். இது எப்படி வந்தது என்று மொண்டசோரி ஆசிரியைகள் வாய்வழியாய்ச் சொல்லும் கதை ஒன்று உண்டு. இந்தியாவில் அவரிடம் படித்தவர்கள், எங்கள் நாகரிகம் எவ்வளவு பழையது தெரியுமா என்று பெருமை பேசினார்களாம். அம்மையார் வாதாடவில்லை. பெரிய கறுப்புத் துணிச் சுருள் ஒன்றைச் செய்வித்து, மிதிவண்டிச் சக்கரம்போல் உருட்டி விரிக்கச் சொன்னாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, எனக்கு அதில் ஓர் உறுத்தல். கல்லுக்கும் மண்ணுக்கும் முந்தின இனம் என்று மேடை மேடையாய்ப் பேசிக் கைதட்டு வாங்கும் ஆட்கள் நாங்கள்தானே.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அம்மையார் கத்தோலிக்கர், ஒவ்வொரு உயிரும் ஒரு பணிக்காகவே வந்தது என்று நம்பினார். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வில் அப்படி முன்கூட்டிய நோக்கம் எதுவும் இல்லை. கூட்டத்துக்குள் சிறு வேறுபாடுகள் பிறக்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை கூடுதலாகப் பிள்ளை பெற்றுத் தப்புகின்றன. அவருடைய துணியை எடுத்துக்கொள்ளலாம், அந்த விளக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் முடிவு.

இனி மொன்றியலுக்கு வருவோம். மக்கில் பல்கலைக்கழக வளவில் றெட்பாத் நூதனசாலை இருக்கிறது. 1882 இல் திறந்தது. கனடாவில் நூதனசாலைக்கென்றே கட்டிய கட்டடங்களில் பழையது. அதைச் சேர் வில்லியம் டோசன் என்பவருக்காகவே சீனி ஆலை முதலாளி பீற்றர் றெட்பாத் கட்டிக்கொடுத்தார். டோசன் 1855 முதல் 1893 வரை மக்கில் அதிபர், பெரிய நிலவியலாளர். நோவா ஸ்கோசியாவில் கல்லாய்ப் போன மரக்குற்றிக்குள்ளிருந்து அவர் எடுத்த ஒரு சிறு பல்லி போன்ற பிராணிதான், அறியப்பட்ட மிகப்பழைய ஊர்வனவற்றில் ஒன்றாக இன்றும் எண்ணப்படும் ஹைலோனோமஸ். வேடிக்கை என்னவென்றால், இந்த மனிதர் சாகும்வரை டார்வினை ஏற்கவில்லை. பரிணாமத்துக்குச் சாட்சி சொல்லும் எலும்பைத் தன் கையாலேயே தோண்டி, பெயரும் வைத்துவிட்டு, பரிணாமம் இல்லை என்று புத்தகம் எழுதினார்! கனடாப் பாறையில் கண்ட கோலம் ஒன்றை ஆதி உயிரின் புதைபடிவம் என்று வேறு நெடுங்காலம் வாதாடினார். அது வெறும் கனிமக் கோலம் என்று பின்னர் தெளிவாகியது. நான் அவரைப் பரிகசிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் சம்பந்தியம்மா சிவபுராணத்தைத் தினமும் ஓதுகிறார். புல்லாயும் மரமாயும் பறவையாயும் மனிதனாயும் பிறந்து இளைத்ததாக மாணிக்கவாசகர் பாடியிருக்கிறாரே, இதைத்தானே உங்கள் டார்வினும் சொல்கிறார் என்று என்னை மடக்கினார். இல்லை. அங்கே ஓர் உயிர் பல பிறவி எடுக்கிறது. இங்கே ஒரு தனிப் பிராணியும் மாறுவதில்லை. தலைமுறை தலைமுறையாய்க் கூட்டம் மாறுகிறது. இரண்டையும் குழைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டும் விளங்காது.

சென்ற வைகாசியில் ஒரு மண்டபத்தில் பதினாலு பிள்ளைகளைச் சேர்த்தோம். சென் ஹூபேர் வீதித் துணிக்கடையில் முப்பது மீட்டர் கறுப்புத் துணி வாங்கினேன். "பிள்ளையளின்ர கையில கறுப்பைக் குடுக்கிறியளே" என்று ஒரு தாய் முணுமுணுத்தார். கணக்கு இதுதான்: பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு. ஆகவே ஒரு மீட்டர் சுமார் 15 கோடி, ஒரு சென்ரிமீட்டர் 15 இலட்சம், ஒரு மில்லிமீட்டர் ஒன்றரை இலட்சம் ஆண்டு.

மண்டபம் நீளம் போதாமல் துணி நடைபாதைக்குள்ளும் போனது. பிள்ளைகள் தொடக்கத்திலிருந்து நடந்தார்கள். ஏறக்குறைய ஏழு மீட்டரில், 350 கோடி ஆண்டுக்கு முந்திய நுண்ணுயிருக்கு ஒரு கடுகு வைத்தோம். பிறகும் நடை, நடை. "ரீச்சர், ஒண்டும் இல்லையே" என்று அலுத்தார்கள். அந்த அலுப்புத்தான் எனக்கு வேண்டியிருந்தது. விலங்குகள் கண்ணுக்குத் தெரியப் பெருகும் இடம் கடைசி மூன்றரை மீட்டருக்குள். அங்கே எல்லோரும் முழந்தாளில் இருந்தார்கள். மூன்று மீட்டரில் சுண்ணக்கல் துண்டு: மொன்றியலின் பழைய சாம்பல்நிற வீடுகள் இந்தக் கல்லால் கட்டியவை, 45 கோடி ஆண்டுக்கு முந்திய கடல் பிராணிகள் அதற்குள் இருக்கின்றன. இரண்டு மீட்டரில் டோசனின் பல்லி, களிமண்ணால் செய்தது. எண்பத்து மூன்று சென்ரிமீட்டரில் எங்கள் றோயல் மலையின் பாறை. நாற்பத்து நாலில் டைனோசர்கள் முடிகின்றன. ஒரு கிளை தவிர. அந்தக் கிளைக்கு நான் கொண்டுபோனது அவித்துக் கழுவிய கோழி எலும்பு. "அப்ப ஞாயிற்றுக்கிழமையில நாங்கள் டைனோசர் கறியோ சாப்பிடுறனாங்கள்?" என்று ஒருவன் கத்த, பெற்றோரும் சிரித்துவிட்டார்கள்.

நாலரைச் சென்ரிமீட்டரில் இரண்டு நூல் பிரியவிட்டேன். ஒன்று சிம்பன்சிக்குப் போகிறது, மற்றது எங்களுக்கு. குரங்கு எங்களுக்குப் பூட்டன் அல்ல, ஒன்றுவிட்ட சகோதரம். இருவருக்கும் பொதுவான கொப்பாட்டன் ஒருவர் 60, 70 இலட்சம் ஆண்டுக்கு முன் இருந்தார் என்று சொன்னேன். பேத்தி நூலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப சம்பந்தக்காரர்" என்றாள். உறவுமுறை தெரிந்த பிள்ளைக்கு இது கடினமே இல்லை.

மனித இனம், மூன்று இலட்சம் ஆண்டு, இரண்டு மில்லிமீட்டர். வெள்ளை நூல் தையல். அப்போது பின்னால் கதிரையில் இருந்த ஐயா ஒருவர் எழும்பி வந்தார். "இதிலை தமிழர் எங்கை பிள்ளை?" கீழடிக்கு 2600 ஆண்டு என்று கணக்குப் பார்த்தாலும், தலைமயிர் ஒன்றின் தடிப்பில் கால்வாசி வரும் என்றேன். அவர் குனிந்து அந்த நுனியை நெடுநேரம் பார்த்தார். "இந்தளவுக்கோ நாங்கள் இவ்வளவு பட்டது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "ஐயா, பிரெஞ்சுக்காரரும் வெள்ளைக்காரரும் அந்த மயிருக்குள்ளைதான்" என்று சமாளித்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. அல்பங்களும் உறுதிகளும் வீட்டோடு எரிந்து, பூட்டனின் பெயருக்கு மேல் எழுத ஒன்றுமில்லாமல் பேரனின் குடும்ப மரப் படத்தை வெறுமையாய் அனுப்பியவர் அவர். பழைமை என்ற ஒரு சொத்துத்தான் மிஞ்சியிருந்தது. அதையும் நான் அளந்துகாட்டிவிட்டேன். செய்தது பிழையோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டு கிழமை கழித்து அவர் தொலைபேசி எடுத்தார். பேரன் குடும்ப மரத்தைத் திரும்பக் கீறினானாம். பெயர் தெரியாத கட்டங்களை விட்டுவிடாமல், ஒவ்வொன்றுக்குள்ளும் "இருந்தார்" என்று பிரெஞ்சில் எழுதி, அடியில் ஒரு மீனையும் கீறியிருக்கிறானாம். "மீன் எத்தினை மீட்டரில வரும் எண்டு கேக்கிறான், சொல்லுங்கோ" என்றார்.

துணி எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறது. தேவையானவர்கள் நிலையத்தில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். சுருட்டும்போது வெள்ளை நூல் உள்ள நுனியை உள்ளே வைத்துச் சுருட்டுங்கள். வெளியே இருந்தால் தையல் பிரிந்துவிடுகிறது.