குறி போடுவதும் குறி பார்ப்பதும்: பெயிண்ட்பால் மார்க்கரின் கதை

தமிழில் 'குறி' என்ற சொல்லுக்கு ரெண்டு வேலை. மாட்டுக்குக் குறி போடுகிறோம், உண்டிவில்லில் குறி பார்க்கிறோம். பெயிண்ட்பால் விளையாடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் கருவியின் வரலாறும் இந்த ரெண்டு அர்த்தங்களுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது. பார்க்கத் துப்பாக்கி மாதிரியே இருக்கிற ஒன்றை ஏன் 'மார்க்கர்' என்று சொல்கிறார்கள்? யாரோ நாகரிகத்துக்காக வைத்த பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது பிறந்ததே குறி போடுவதற்காகத்தான்.

காட்டிலிருந்து வந்த கருவி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அயர்ன் மவுன்டன் என்று ஓர் ஊர். அங்கே நெல்சன் பெயிண்ட் கம்பெனி, வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் வைக்கும் பெயிண்ட் தயாரித்து வந்தது. வனத்துறைக்காரர் ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து போய்த்தான் அடையாளம் வைக்க வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கம், புதருக்குள், சரிவில் நிற்கும் மரம் என்றால் பாடுதான். தூரத்தில் நின்றே பெயிண்டை எறிய முடிந்தால்? அதே வசதி மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் தேவைப்பட்டது.

1960களில் கிராஸ்மன் என்ற காற்றுத் துப்பாக்கி நிறுவனம் நெல்சனுக்காக ஒன்று செய்து பார்த்தது. அது வியாபாரத்தில் எடுபடவில்லை. அடுத்து டெய்ஸி நிறுவனத்தோடு சேர்ந்தார்கள். அங்கே ஜேம்ஸ் ஹேல் வடிவமைத்த கருவிக்கு 1974இல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் நெல்-ஸ்பாட் 007. 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்னக் குப்பிதான் அதற்குச் சக்தி. ஒவ்வொரு தடவை சுட்ட பிறகும் கருவியைச் சாய்த்து அடுத்த உருண்டையை உருளவிட்டு, கையால் இழுத்துத் தயார் செய்ய வேண்டும்.

உருண்டை எங்கிருந்து வந்தது? மருந்துக் கடையிலிருந்துதான். மீன் எண்ணெய் மாத்திரை பார்த்திருப்பீர்கள் இல்லையா, மெத்தென்று ஒளி ஊடுருவும் ஜெலட்டின் கூடு. ராபர்ட் ஷெரர் 1930களில் கண்டுபிடித்த இயந்திர முறை அது. மருந்துக்குப் பதில் உள்ளே எண்ணெய் பெயிண்ட். அவ்வளவுதான்.

1981 ஜூன் 27

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கர் ஊர்க் காட்டில் அன்று 12 பேர் கூடினார்கள். ஹேய்ஸ் நோயல் பங்குத் தரகர், சார்லஸ் கெய்ன்ஸ் எழுத்தாளர். நகரத்தில் பிழைப்பவன் காட்டில் தாக்குப்பிடிப்பானா என்று இருவருக்கும் நடுவில் நீண்ட விவாதம். பாப் கர்ன்ஸியும் சேர்ந்து அதை ஒரு விளையாட்டாக்கினார். ஆளுக்கொரு நெல்-ஸ்பாட். காட்டில் வைத்திருக்கும் கொடிகளை எல்லாம் சேகரித்து வெளியே வருகிறவர் ஜெயித்தவர். ஜெயித்தவர் ரிச்சி ஒயிட், வனத்துறைத் தொழில் தெரிந்தவர். அவர் ஒரு உருண்டைகூடச் சுடவில்லை என்பதுதான் வேடிக்கை!

என் கவனம் வேறொன்றில் நின்றது. மரத்துக்காகச் செய்த கருவியை மனிதர்கள் மனிதர்களை நோக்கித் திருப்பிய நாள் இது. மரத்துக்குக் கண் கிடையாது. ஆகவே நெல்-ஸ்பாட்டை வடிவமைத்தவர்களுக்கு, உருண்டை எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று மேல் வரம்பு யோசிக்க அவசியமே இருக்கவில்லை. தூரம் போனால் போதும், பட்டையில் பட்டு உடைந்தால் போதும். ஆரம்ப காலத்தில் விளையாடியவர்கள் பட்டறையில் போடும் சாதாரணக் கண்ணாடியைத்தான் போட்டார்கள். இன்று நாம் 'மார்க்கர் பராமரிப்பு' என்று சொல்கிற பழக்கங்கள் எல்லாம் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை.

300 அடி

இன்றைய வழக்கமான உருண்டை 0.68 அங்குலம், அதாவது 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எடை சுமார் 3 கிராம். திறந்தவெளி மைதானங்களில் வழக்கமான உச்ச வேகம் நொடிக்கு 300 அடி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய 12.5 ஜூல். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றல் அது. என்ன வித்தியாசம் என்றால், கிரிக்கெட் பந்து பெரும்பாலும் புருவ எலும்பில் மோதி நின்றுவிடும். 17 மில்லிமீட்டர் உருண்டையோ நேராகக் கண்குழிக்குள் போகும். இன்னொன்று, வேகம் 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடும். '330தானே, பரவாயில்லை' என்பது சின்ன விஷயம் இல்லை.

அதனால்தான் க்ரோனோகிராஃப் என்ற வேகமானி மைதானத்துக்கு வந்தது. ட்யூனிங் என்ற சொல்லின் அர்த்தமே அதோடு திரும்பியது. முன்னே எவ்வளவு வேகம் ஏற்றலாம் என்று பார்த்தவர்கள், இப்போது வரம்புக்குக் கீழே ஒரே சீராக எப்படிச் சுடுவது என்று பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, டிப்மன் 98 மாடலில் பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். ஆலன் கீ போட்டு உள்ளே திருகினால் வாயு போகும் வழி குறுகி வேகம் குறையும், வெளியே திருகினால் கூடும். கால் சுற்று திருகி, சில தடவை சுட்டு அளந்து, பிறகுதான் அடுத்த கால் சுற்று.

ஒரு தடவை அளந்தால் போதுமா? போதாது. அங்கேதான் கார்பன் டை ஆக்சைடின் குணம் வருகிறது. டேங்குக்குள் அது திரவமும் வாயுவுமாக இருக்கும், அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. 10 டிகிரியில் சுமார் 45 பார், 20இல் 57, 30இல் 72. காலைக் குளிரில் 280 காட்டிய மார்க்கர் உச்சி வெயிலில் 300ஐத் தாண்டுவது இதனால்தான். தொடர்ந்து சுட்டால் டேங்க் குளிர்ந்து வேகம் விழும். அந்த நேரத்தில் அளந்து, 'வேகம் பத்தலை' என்று ஸ்க்ரூவைத் திறந்துவிட்டால் ஆபத்து. டேங்க் மறுபடி சூடேறும்போது வேகமும் எகிறும். ரெகுலேட்டர் வைத்த அழுத்தக் காற்று டேங்குகள் பரவியதற்கு இது முக்கியமான காரணம்.

பேரலுக்கும் உருண்டைக்கும் பொருத்தம் பார்ப்பது இன்னும் எளிது. பேரலைத் தனியாகக் கழற்றி, உருண்டையை உள்ளே வையுங்கள். தானாக உருண்டு விழுந்தால் பேரல் பெரிசு. வாயால் ஊதினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் சரி. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், குளிரில் நொறுங்கும். கீழே விழுந்த உருண்டையை எடுத்துப் போடக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எடுத்துப் போகும்போது

விபத்துகள் எல்லாம் ஆட்டத்தில்தான் நடக்கும் என்று நினைத்தால் தப்பு. முகமூடியைக் கழற்றிய பிறகு, ஓய்வெடுக்கும் இடத்தில், வண்டியில் ஏற்றும்போது நடந்தவை நிறைய. முதலில் பேரல் வாயில் செருகும் பிளாஸ்டிக் அடைப்பு வந்தது. சுடும் வேகத்தில் அதுவே தெறித்துப் போவது உண்டு. பிறகு துணி உறை வந்தது, பேரலுக்கு மாட்டி எலாஸ்டிக் கயிற்றைப் பின்னால் கொக்கி போடுவது. முகமூடிக்கும் இந்த உறைக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு தனித்தனித் தரம் வகுத்திருக்கிறது.

2004இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வேறொரு எச்சரிக்கை வெளியிட்டது. டேங்கை மார்க்கரிலிருந்து கழற்றும்போது, வால்வோடு சேர்ந்து டேங்க் வர வேண்டும். மாறாக, வால்வு மார்க்கரிலேயே நின்று டேங்க் மட்டும் திருகிக்கொண்டு வந்துவிட்டால், அது ராக்கெட் மாதிரி பாயும். அப்படி ரெண்டு உயிர்கள் போயிருந்தன. ஒரு துளி பெயிண்ட் இதைக் காட்டிக்கொடுக்கும். வால்விலிருந்து டேங்க் வரை சேர்த்து ஒரு கோடு போட்டு வைத்தால், கழற்றும்போது கோடு ரெண்டாகப் பிரிகிறதா என்று பார்க்கலாம். பிரிந்தால் அப்படியே நிறுத்திவிட்டு, தெரிந்த தொழில்நுட்பக்காரரிடம் கொடுக்க வேண்டும்.

ஆகவே வரிசை இது: முகமூடி முகத்திலேயே இருக்கட்டும். ஹாப்பரைக் கழற்றுங்கள். பேரலுக்குள் உருண்டை நிற்காதபடி காலி செய்யுங்கள். கோட்டைப் பார்த்துக்கொண்டே டேங்கைக் கழற்றுங்கள். ஆளில்லாத திசையில் தரையை நோக்கி விசையை அழுத்தி, உள்ளே தங்கிய வாயுவையும் வெளியேற்றுங்கள். உறை மாட்டுங்கள். எல்லாம் முடிந்த பிறகு முகமூடி. டேங்கை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விடாதீர்கள். 31 டிகிரிக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு திரவமாகவே இருக்காது, அளவுக்கு மேல் நிரப்பிய டேங்கில் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமானங்களிலும் மார்க்கர் செக்-இன் பெட்டியில்தான் போகலாம். டேங்க் என்றால் வால்வைத் தனியாகக் கழற்றி, உள்ளே காலி என்று கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

குறி போடுகிற கருவியின் கதையைத் தேடிப் போன எனக்குக் கடைசியில் கிடைத்ததும் ஒரு குறிதான், அந்த டேங்கின் கழுத்தில் போடும் பெயிண்ட் கோடு. அடுத்த தடவை யாராவது உங்கள் கையில் வாடகை மார்க்கரைக் கொடுத்தால், வேகம் இன்றைக்கு அளந்தீர்களா என்று கேட்டுவிட்டு, அந்தக் கோடு இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.