காலணி அணியாத காதல் தெய்வம்

கிரேக்க நாட்டின் பொயோத்தியாப் பகுதியில் தெஸ்பியே என்றொரு பழம்பதி இருந்தது. அவ்வூரார் ஏனைய தெய்வங்களைவிட ஏரோஸ் என்னும் காதல் தெய்வத்தையே மேலாகப் போற்றினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்குச் சென்ற பயணி ஒருவர், அத்தெய்வத்தின் மிகப் பழைய திருவுருவம் செதுக்கப்படாத வெறுங்கல்லே என்று எழுதி வைத்துள்ளார். அதே ஊரில் பின்னாளில் பிராக்சித்தலஸ் என்னும் பெருஞ்சிற்பி பளிங்கில் வடித்த ஏரோஸ் சிலையும் நின்றது. வெறுங்கல்லுக்கும் பளிங்குச் சிலைக்கும் இடையே நடந்தது என்ன? முகமில்லாத ஒன்றுக்கு முகம் தந்தவர் யாவர்?

முதலில் கை வைத்தவர் கவிஞர். கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த எசியோது உலகத் தோற்றத்தைப் பாடுகையில், வெறுவெளியும் நிலமும் தோன்றியதை அடுத்து ஏரோசும் தோன்றினான் என்றார். அவனுடைய தாய் தந்தையர் பெயரை அவர் கூறவில்லை. பின்வந்தோர் ஆளுக்கொரு பெற்றோரைக் கூறினர். அப்ரோதித்தே என்னும் அழகுத் தெய்வத்தின் மகன் என்றனர் பலர். குலமுறை உறுதிப்படாத தெய்வம் எவர் கைக்கும் இசையும் களிமண்ணாயிற்று. அக்களிமண்ணைச் சிலர் கூடியமர்ந்து, முறை வைத்து, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடங்கி வனைந்த ஓர் இரவின் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது. பிளேட்டோ எழுதிய ‘விருந்து’ என்னும் உரையாடல் நூலே அது.

கி.மு. 416இல் ஏதென்சு நகர நாடகப் போட்டியில் அகத்தோன் என்னும் இளங்கவிஞரின் துன்பியல் நாடகம் முதற்பரிசு பெற்றது. அவர் தம் நண்பர் சிலரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். முந்தைய நாள் கொண்டாட்டத்தின் மது இன்னும் தலையைவிட்டு இறங்காதவர் அவருள் பலர். ஆகவே அன்று யாரும் யாரையும் குடிக்க வற்புறுத்துவதில்லை என முடிவு செய்தனர். குழலூத வந்த பெண்ணையும் அனுப்பிவிட்டனர். எரிக்சிமாக்கஸ் என்னும் மருத்துவர் ஒரு விளையாட்டை முன்மொழிந்தார். எல்லாத் தெய்வங்களுக்கும் பாட்டு உண்டு. உப்பின் பெருமையைப் போற்றிக்கூட ஓர் அறிஞர் நூல் எழுதிவிட்டார். ஏரோசுக்குத்தான் தக்க புகழுரை இல்லை என்று தம் நண்பர் பைத்ரஸ் அடிக்கடி குறைப்படுகிறார். ஆகவே இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் தம்மால் இயன்றவரை அத்தெய்வத்தைப் போற்றுவோம் என்றார். விதி அவ்வளவே. முன்னவர் படைத்ததைப் பின்னவர் ஏற்கலாம், திருத்தலாம், தள்ளலாம்.

பிளேட்டோ அன்று சிறுவர். அவ்வீட்டில் அவர் இல்லை. அங்கிருந்த ஒருவர் சொல்லக் கேட்ட மற்றொருவர் சொல்வதாகவே நூலை அமைத்திருக்கிறார். எனவே இதைச் சொல்லுக்குச் சொல் பதிவாகக் கொள்ளலாகாது. எனினும் பேசுவோர் பெரும்பாலும் வரலாறு அறிந்த மாந்தர். அவர்தம் குணங்களை நூலாசிரியர் நன்கறிந்திருந்தார்.

பைத்ரஸ் தொடங்கினார். ஏரோஸ் தெய்வங்களுள் மூத்தவன். காதலே மனிதருக்கு நாணத்தையும் வீரத்தையும் தருவது. கணவனுக்காகத் தன் உயிரையே ஈந்த அல்கெஸ்திஸ் அவர் காட்டும் சான்று. அடுத்துப் பேசிய பவுசானியாஸ், ஏரோஸ் ஒருவனல்லன், இருவர் என்றார். வானுலக ஏரோஸ் ஒருவன், பொதுநிலை ஏரோஸ் மற்றொருவன். வளர்ந்த ஆடவர் இளையோரிடம் காதல் கொள்ளும் ஏதென்சின் வழக்கத்துக்கு நியாயம் தேடியே இப்பிரிவினையை அவர் செய்கிறார் என்பது வெளிப்படை. அவ்வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் தன் வாழ்க்கைக்கு ஏற்ற தெய்வத்தை ஒருவன் எப்படிச் செய்துகொள்கிறான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பதரிது.

மூன்றாவதாகப் பேச வேண்டியவர் நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்தோபனீஸ். அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. மூச்சை அடக்குக, நீரால் கொப்புளிக்குக, அதற்கும் நிற்காவிடில் மூக்கைச் சீண்டித் தும்முக என மருந்து சொல்லிவிட்டு, மருத்துவர் அவர் முறையைத் தாம் எடுத்துக்கொண்டார். மருத்துவரின் ஏரோஸ், நாம் எதிர்பார்ப்பதுபோலவே, உடலில் வெம்மையும் குளிர்ச்சியும் சமன்படச் செய்யும் ஏரோஸ்.

தும்மி விக்கலைத் தீர்த்துக்கொண்ட அரிஸ்தோபனீஸ் சொன்ன கதை நூலைப் படியாதவரும் அறிந்த கதை. ஆதியில் மனிதர் உருண்டை வடிவினர். நான்கு கை, நான்கு கால், இரு முகம் உடையவர். அவர்தம் செருக்கை அடக்கச் சேயுஸ் அவரை இரண்டாகப் பிளந்தான். வெட்டிய தோலை இழுத்துச் சுருக்கிக் கட்டிய முடிச்சே கொப்பூழ். அன்று முதல் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடி அலைகிறது. அத்தேட்டத்துக்கே காதல் என்று பெயர். சிரிப்பூட்ட எழுந்த இக்கதையில் கண்ணீரின் ஈரம் இருக்கிறது. 2005இல் கையொப்பமிட்ட அன்பு பற்றிய சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டும், ஆதாமின் தனிமையைப் பற்றிப் பேசுமிடத்து, இக்கதையை நினைவுகூர்கிறார்.

பின் விருந்தளித்த அகத்தோனின் முறை வந்தது. மூத்தவன் என்றது தவறு. ஏரோசே தெய்வங்களுள் இளையவன், மென்மையானவன், பேரழகன், நீதிமான், வீரன், கவிஞன். கேட்டோர் ஆரவாரித்தனர். அகத்தோனும் இளையவர், அழகர், கவிஞர்.

இனிச் சாக்ரட்டீஸ். அன்று அவர் வழக்கத்துக்கு மாறாக நீராடி, நல்ல காலணி அணிந்து வந்திருந்தார். ஆனால் வழியில் ஏதோ எண்ணத்தில் ஆழ்ந்து அடுத்த வீட்டு வாயிலில் நின்றுவிட்டதால், பாதி விருந்து முடிந்த பிறகே உள்ளே நுழைந்தார். புகழுரை கூறத் தமக்குத் தெரியாது என்று சொல்லி, அகத்தோனிடம் சில வினாக்களைக் கேட்டார். காதல் என்பது ஒன்றன்மேல் கொள்ளும் விருப்பந்தானே? இல்லாததைத்தானே ஒருவர் விரும்புவார்? அப்படியானால் அழகை விரும்பும் ஏரோசிடம் அழகு இல்லையன்றோ? கவிஞர் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஐவர் அடுக்கிய அணிகலன்கள் சில வினாக்களில் கீழே விழுந்தன.

பின்னர் அவர் தம் குரலை விட்டு வேறொரு குரலில் பேசலானார். மந்தினேயா நாட்டுத் தியோத்திமா என்னும் ஞானப் பெண் தமக்குக் கற்பித்ததாகக் கூறி, அவள் வினவுவதும் தாம் திகைப்பதுமாக இருவர் பாத்திரத்தையும் தாமே ஏற்றார். தியோத்திமா கூறிய கதை இது: அப்ரோதித்தே பிறந்த நாளில் தெய்வங்களுக்கு விருந்து நடந்தது. வாசலில் இரந்து நின்றாள் பெனியா. அவள் பெயருக்கு வறுமை என்று பொருள். தேறல் மயக்கத்தில் சேயுசின் தோட்டத்தில் உறங்கிய போரஸ் என்பவனோடு அவள் கூடினாள். போரஸ் என்றால் வழிவகை. அவர்களுக்குப் பிறந்தவன் ஏரோஸ். அவன் மென்மையானவனும் அல்லன், அழகனும் அல்லன். காலணி இல்லாதவன், வீடற்றவன், பிறர் வாசற்படியிலும் தெருவோரத்திலும் வெறுந்தரையில் படுப்பவன். தாயைப்போல் என்றும் குறையுடையவன். தந்தையைப்போல் நல்லதையும் அழகியதையும் அடைய ஓயாது வழிதேடுபவன். அவன் தெய்வமே அல்லன். தெய்வத்துக்கும் மனிதனுக்கும் இடையே நின்று செய்தி சுமக்கும் ஆவி. கிரேக்கர் அதனைத் ‘தைமோன்’ என்றனர்.

காலணி இல்லாமை, பிறர் வாயிலில் நிற்றல், ஞானத்தைத் தேடல்: இம்மூன்றும் யாருடைய அடையாளங்கள் என்பதை அவ்வறையில் இருந்தோர் உடனே அறிந்திருப்பர். மருத்துவர் மருத்துவத் தெய்வத்தையும் கவிஞர் கவித் தெய்வத்தையும் வனைந்ததுபோல, சாக்ரட்டீசின் ஏரோசும் சாக்ரட்டீசாகவே இருக்கிறான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏனையோர் தம் நிறைவைத் தெய்வத்துக்கு ஏற்றினர். இவரோ தம் இன்மையை ஏற்றினார். நம் கருத்தில், அந்நூலின் உயிர் இவ்விடத்திலேதான் இருக்கிறது. உரையின் இறுதியில் வரும் புகழ்பெற்ற அழகின் படிக்கட்டில் அன்று.

உரை முடிந்ததும் கதவு தட்டப்பட்டது. தள்ளாடியபடி, தலையில் மாலைகளோடு உள்ளே வந்தார் அல்கிபியாதீஸ்; அந்நாளில் ஏதென்சின் ஒளிமிக்க இளந்தலைவர். ஏரோசைப் பாட மறுத்துச் சாக்ரட்டீசைப் பாடினார். பொத்திதேயாப் போர்க்களத்தில் பிறரெல்லாம் காலில் துணி சுற்றி நடுங்கியபோது இவர் வெறுங்காலோடு பனிக்கட்டிமேல் நடந்தார் என்றார். தெய்வத்துக்குச் சொன்ன அடையாளம் மனிதனுக்குத் திரும்பி வந்துவிட்டது.

இது வெறும் விருந்து விளையாட்டுத்தானே என்று நாம் கடந்துபோக வரலாறு விடுவதில்லை. அடுத்த ஆண்டு, கி.மு. 415இல், ஏதென்சின் கப்பற்படை சிசிலிக்குப் புறப்படும் வேளையில், நகரில் இருந்த ஏர்மஸ் தெய்வச் சிலைகளை ஓரிரவில் யாரோ சிதைத்தனர். விசாரணை தொடங்கியதும் மற்றொரு குற்றச்சாட்டும் எழுந்தது: எலூசிஸ் ஊரின் மறைச்சடங்குகளைச் சிலர் தனி வீடுகளில் வேடம் புனைந்து நடித்தனராம். அதில் தலைமைக் குருவாக நடித்தவர் அல்கிபியாதீஸ் எனப்பட்டது. குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில் பைத்ரசின் பெயரும் உண்டு. பிடிபட்ட சிலர் கொல்லப்பட்டனர். அல்கிபியாதீஸ் பகைநாடான ஸ்பார்த்தாவுக்கு ஓடினார். கி.மு. 399இல் சாக்ரட்டீசின்மேல் வழக்கு வந்தது. நகரத்தின் தெய்வங்களை ஏற்காமல் புதிய ஆவிகளைப் புகுத்துகிறார், இளைஞரைக் கெடுக்கிறார் என்பன குற்றங்கள். வழக்கில் வந்த ‘தைமோனியா’ என்னும் சொல், விருந்தில் ஏரோசுக்கு அவர் இட்ட பெயரின் உறவுச் சொல். நஞ்சருந்தி அவர் மாண்டு பல ஆண்டுகள் கழித்தே, கி.மு. 385க்குப் பின், பிளேட்டோ இந்நூலை எழுதினார். முதலில் படித்தவருக்கு அவ்விருந்தினர் அனைவரின் முடிவும் தெரிந்திருந்தது.

கிறித்தவராகிய நமக்கு இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. காதல் இன்மையிலிருந்தே பிறக்குமாயின், இன்மை ஏதுமற்ற கடவுள் எப்படி அன்பு செய்வார்? தியோத்திமாவின் விடை ஐயத்துக்கு இடமற்றது: தெய்வம் மனிதனோடு கலப்பதில்லை. புனித யோவானின் முதல் திருமுகமோ கடவுளையே அன்பு என்கிறது. அதற்கு அவர் எடுத்த சொல் ஏரோஸ் அன்று, அகாப்பே. ஏரோஸ் என்னும் சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்தும் இல்லை. எனினும் பெனியாவை நாம் மறக்கவியலவில்லை. செல்வராயிருந்தும் நமக்காக ஏழையானவரைப் பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறாரன்றோ! ஆங்கே வறுமை அன்பைப் பெறவில்லை. அன்பே வறுமையைத் தேடிக்கொண்டது. கிரேக்கர் மேசையில் இருந்த எவரும் இதை எண்ணிப் பார்த்திருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

திருச்சபைத் தந்தையர் இந்நூலை ஒதுக்கிவிடவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன், செல்சுஸ் என்பவனுக்கு மறுப்பெழுதுகையில், சேயுசின் தோட்டத்தை ஏதேன் தோட்டத்தோடும், போரசை ஆதாமோடும், சூழ்ச்சி செய்த பெனியாவைப் பாம்போடும் ஒப்பிட்டார். ஒலிம்பு நகர மெத்தோதியு இதே அமைப்பில் தாமும் ஒரு விருந்தைப் படைத்தார்; அதில் பத்துக் கன்னியர் தோட்டத்தில் அமர்ந்து கன்னிமையைப் போற்றுகின்றனர், தெக்கிலா வெற்றிமாலை பெறுகிறாள். 500ஐ ஒட்டி எழுதிய ஒருவரோ, பவுலின் உரை கேட்டு மனம் மாறிய அரயோபாகு மன்றத்துத் தியோனிசியுவின் பெயரைத் தாம் புனைந்துகொண்டு, ஏரோஸ் என்னும் சொல்லைக் கடவுளுக்கே வழங்கலாம் என வாதிட்டார்.

இறுதியாக ஒரு செய்தி. பிளாரன்சு நகர அறிஞரும் 1473இல் குருத்துவம் பெற்றவருமான மார்சிலியோ பிசீனோ, பிளேட்டோவின் பிறந்த நாளாகக் கருதிய நவம்பர் 7 அன்று, 1468இல், கரேஜ்ஜி என்னும் ஊரில் நடந்த விருந்தைப் பற்றி எழுதுகிறார். ஒன்பதுபேர் கூடினர். உணவுக்குப் பின் ‘விருந்து’ நூல் வாசிக்கப்பட்டது. எவர் எந்தப் பேச்சாளரின் உரையை விளக்குவது எனச் சீட்டுப் போட்டனர். பவுசானியாசின் பங்கு ஆயர் அந்தோனியோவுக்கு விழுந்தது. எரிக்சிமாக்கசின் பங்கு, பொருத்தமாகவே, மருத்துவரான பிசீனோவின் தந்தைக்கு. ஆனால் ஆயர் ஆன்மாக்களைக் கவனிக்கவும் மருத்துவர் உடல்களைக் கவனிக்கவும் புறப்பட வேண்டியதாயிற்று. பங்குப் பணியில் இருப்போருக்கு இது புதிதன்று. பேச்சு சுவைபெறும் வேளையில்தான் நோயில்பூசுதலுக்கு ஆள் வந்து நிற்கும். இருவர் பங்கும் கவல்காந்தி என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன. பைத்ரசின் பங்கு முன்பே அவருக்கு விழுந்திருந்ததால், அன்று அவர் ஒருவரே மூன்று உரைகளை நிகழ்த்தினார்.