மரம் வைத்தவன்

இங்கிலாந்தின் வொஸ்டர்ஷையரில் ஏவன் ஆற்றங்கரையில் பெர்ஷோர் என்று ஒரு சிற்றூர். அதன் பெயரிலேயே ஒரு பிளம் இருக்கிறது. மஞ்சள் நிறம், முட்டை வடிவம். மரத்திலிருந்து பறித்து அப்படியே வாயில் போட்டால் பெரிய ருசி ஒன்றும் கிடையாது. புளிப்புதான் முன்னால் வரும். சர்க்கரை போட்டு அடுப்பில் ஏற்றினால் கதையே வேறு. பெக்டின் நிறைய உள்ள பழம், ஜாம் நன்றாக இறுகும்.

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், பக்கத்திலுள்ள டிட்டெஸ்லி காட்டில் தானாக முளைத்து நின்ற மரத்தை ஜார்ஜ் க்ரூக்ஸ் என்பவர் கண்டெடுத்தார் என்பது ஊர் வரலாறு. காட்டு மரம் இவ்வளவு வேகமாகப் பரவக் காரணம் அதன் வேர். பொதுவாக பிளம்மை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வளர்ப்பார்கள். அதன் அடியில் வரும் கன்று அந்த வேர்ச்செடியின் கன்றுதான். பெர்ஷோர் மரமோ சொந்த வேரில் நிற்பது. வாழையடி வாழை மாதிரி, அடியில் வரும் கன்றைப் பெயர்த்து நட்டால் அதே மரம். நர்சரிக்குக் காசு கொடுக்க வேண்டாம். கையில் காசில்லாத குத்தகைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குளிர் நாட்டுக்கும் அது தோதான மரம். பிளம் சீக்கிரமே, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பூத்துவிடும். ஓர் இரவு உறைபனி விழுந்தால் அந்த வருஷப் பூ கருகிப்போகும். அந்தக் குளிரில் தேனீயும் அதிகம் வெளியே வராது. பெர்ஷோர் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்பதால் துணைமரம் தேட வேண்டியதில்லை. கவாத்து மட்டும் கோடையில்தான். குளிர்காலத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை புகுந்துவிடும்.

1852ல் ரயில் வந்தது. 1874ல் பிரிட்டன் சர்க்கரை வரியை நீக்கியது. ஜாம் ஏழை வீட்டு ரொட்டிக்கும் எட்டியது. ஈவ்ஷாம் பள்ளத்தாக்கு முழுக்க மேலே பிளம், அடியில் நெல்லிக்காய் போன்ற கூஸ்பெரி என்று ஒரே நிலத்தில் இரண்டு அடுக்கு விவசாயம்.

இங்கேதான் சிக்கல். மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான் என்போம். வைத்தவன் குத்தகைக்காரன், நிலம் இன்னொருவனுடையது என்றால்? மரம் காய்ப்புக்கு வரச் சில வருஷம் ஆகும். அதற்குள் நிலத்தை விட நேர்ந்தால் உழைப்பெல்லாம் நிலக்காரனுக்கு.

அந்த வட்டாரத்துக்காரர்கள் இதற்கு வழி கண்டார்கள். அதன் பெயர் ஈவ்ஷாம் வழக்கம். வெளியேறுகிறவன் அடுத்த குத்தகைக்காரனைத் தானே கொண்டுவருவான். வருகிறவன் மரங்களுக்கான விலையை அவனிடம் கொடுப்பான். நிலக்காரர் அந்த ஆளை ஏற்க மறுத்தால் இழப்பீடு அவர் தலையில். 1895ல் வந்த சட்டம், காய்கனித் தோட்டத்துக்கென்று விட்ட நிலத்தில் நட்ட பழமரங்களுக்கு இழப்பீட்டு உரிமை தந்தது. ஈவ்ஷாம் வழக்கமும் பின்னாளில் குத்தகைச் சட்டத்துக்குள் ஏறியது.

பழைய தோப்புகள் பெரும்பாலும் இன்று இல்லை. பெர்ஷோரில் ஆகஸ்டில் பிளம் திருவிழா நடக்கிறது. பழத்தைக் கொண்டாடுவது சரிதான். அதைவிடக் கொண்டாட வேண்டியது அந்த வழக்கத்தை. நட்ட கைக்கு மரத்தில் பங்கு உண்டு என்று தெரிந்ததால்தான், மண் தன்னுடையது இல்லாதவனும் துணிந்து அடுத்த கன்றை நட்டான்.